கிராம்புத் தைலமும் ஈரல் புற்றும்

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களும் கிராம்பு விவசாயிகளும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. “கிராம்புத் தைலம் ஈரல் புற்றைக் கொல்லும்னு சொல்லுகாங்களே, நெசந்தானா சாரே?” கேட்பவர்களில் மாணவர்கள் உண்டு, மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்டு, வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் தவிப்பவர்களும் உண்டு. அந்தக் கடைசி மனிதருக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் ஈரல் புற்றுச் செல்களைக் கிராம்புத் தைலம் கொல்கிறது, இது உண்மை. மனிதருக்கு வந்த ஈரல் புற்றை அது குணமாக்கும் என்று எந்த மருத்துவ ஆய்வும் இதுவரை காட்டவில்லை, இதுவும் உண்மை. மருத்துவர் தரும் சிகிச்சையை நிறுத்திவிட்டுத் தைலத்தைக் குடிக்கக் கூடாது. இனி நான் பேசப்போவதெல்லாம் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே கிடக்கும் தூரத்தைப் பற்றித்தான்.

கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். 1800ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் அமைத்த வாசனைப் பயிர்த் தோட்டத்தில் அது இந்தியாவில் வேர் பிடித்தது. 1850க்குப் பிறகு நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூர் மலைகளுக்கும் பரவியது. இன்று மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலை என்று நம் மலைச்சரிவுகளில் இரண்டு பருவமழையும் வாங்கி விளையும் மொட்டுக்குக் ‘கன்னியாகுமரி கிராம்பு’ என்ற பெயரில் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது வெளியான கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,100 டன் கிராம்பு விளைகிறது. அதில் 1,000 டன் தமிழ்நாட்டில், அந்த ஆயிரத்திலும் 750 டன் இந்த ஒரு மாவட்டத்தில். ஆகவே கிராம்பைப் பற்றி உலகத்தில் எங்கே எந்த ஆய்வு வந்தாலும் அதைப் படிக்க வேண்டிய கடமை மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

காய்ந்த மொட்டை நீராவியில் வடித்தால் அதன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை தைலம் இறங்கும். வாசனைப் பயிர்களில் இவ்வளவு தைலம் தருபவை மிகக் குறைவு. அந்தத் தைலத்தில் பெரும்பங்கு, 70 முதல் 90 விழுக்காடு வரை, யூஜினால் என்ற ஒரே பொருள். மிச்சம் யூஜினைல் அசிட்டேட்டும் கேரியோஃபிலீனும் வேறு சில சில்லறைப் பொருட்களும். பல் வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கும்போது மரத்துப்போகச் செய்வது இந்த யூஜினால்தான். மரம் இதைப் பல் வலிக்காகச் செய்யவில்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் தன் மேல் படரும் பூசணத்தையும் தடுக்கச் செய்கிறது. உயிருள்ள செல்லைத் தாக்குவது அதன் பிறவிக் குணம். அது புற்றுச் செல்லைக் கொன்றது என்று கேள்விப்படும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘வேறு எதையெல்லாம் கொன்றது?’ என்பது.

தட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இங்கே இருக்கும் மாணவர்களில் சிலர் இந்தச் சோதனையைச் செய்யப்போகிறவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் சத்து நீரில் சில ஆயிரம் புற்றுச் செல்களை விட்டு ஒரு நாள் ஒட்டிக்கொள்ள விடுவார்கள். தைலம் நீரில் கரையாது என்பதால் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, குழிக்குக் குழி அளவைக் கூட்டிக்கொண்டே போய்ச் சேர்ப்பார்கள். 24 அல்லது 48 மணி நேரம் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் உப்பை விடுவார்கள். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். செத்த செல் மாற்றாது. ஊதா எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளந்து சொல்லும். 1983இல் மோஸ்மன் வகுத்துக்கொடுத்த இந்த முறை மலிவானது, விரைவானது. உலகம் முழுக்கத் தாவர எண்ணெய்களைப் பற்றி வரும் புற்றுநோய்க் கட்டுரைகளில் பெரும்பாலானவை இதில்தான் தொடங்குகின்றன. பல கட்டுரைகள் இதிலேயே முடிந்தும் விடுகின்றன. எனக்கு வருத்தம் தருவது இந்த இரண்டாவது விஷயம்.

செல் எப்படி மடிகிறது என்பதும் ஓரளவு தெரிந்ததே. தைலத்தின் மூலக்கூறுகள் கொழுப்பை விரும்பிப் போகும். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. அங்கே புகுந்து அதைத் தளர்த்தும். உள்ளே மைட்டோகாண்ட்ரியாவைக் கலக்கும். ஆக்சிஜனின் துடிப்பான வடிவங்கள் பெருகும். காஸ்பேஸ் என்ற நொதிகள் விழித்துக்கொண்டு, செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கும். யூஜினால், எலுமிச்சைப்புல்லின் சிட்ரால், ரோஜாவிலும் பாமரோசாப் புல்லிலும் உள்ள ஜெரானியால், ஓமத்தின் தைமால் ஆகிய எல்லாவற்றையும் ஈரல் புற்றுச் செல்களில் சோதித்து இத்தகைய விளைவுகளை எழுதியிருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தட்டிலேயே சில பள்ளங்கள் இருக்கின்றன. தைலம் ஆவியாகும் பொருள். 37 டிகிரி சூட்டில் மூடி சரியில்லாத தட்டில் ஒரு குழியிலிருந்து எழும் ஆவி பக்கத்துக் குழியில் இறங்கும். தைலமே விடாத குழியின் செல்களும் மடியும், கணக்குக் கெட்டுப்போகும். இன்னொன்று, யூஜினால் ஒரு பீனால் பொருள்; பீனால் பொருட்களில் சில செல்லின் உதவி இல்லாமலே எம்.டி.டி.யை ஊதாவாக்கக் கூடியவை; அப்போது செத்த செல் உயிருள்ளதாகத் தெரியும். ஊதா குறைந்தால் செல் செத்துவிட்டது என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, வேலையை மெதுவாக்கிக்கொண்டிருக்கலாம். தட்டை ஒட்டி மூடி, தைலம் மட்டும் விட்ட வெறுங்குழி ஒன்று வைத்து, வேறொரு முறையிலும் சரிபார்த்த பிறகே எண்ணை எழுத வேண்டும்.

அடுத்தது, நாம் சோதிக்கும் செல் யாருடையது என்ற கேள்வி. ஈரல் புற்று ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது ஹெப்-ஜி2. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள விஸ்டார் நிறுவனத்தில் வளர்த்தெடுக்கப்பட்டு 1979இல் அறிவிக்கப்பட்டது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து வந்தது. அன்று முதல் அதைப் பெரியவர்களுக்கு வரும் ஈரல் புற்று என்றே எல்லோரும் எழுதி வந்தார்கள். 2009இல் அந்தப் பழைய கட்டியைத் திரும்பப் பரிசோதித்தவர்கள், அது ஹெபடோபிளாஸ்டோமா, அதாவது சிறு வயதில் வரும் வேறு வகை ஈரல் புற்று என்று காட்டினார்கள். முப்பது ஆண்டுக் கட்டுரைகள் ஒரு வகை நோயின் செல்லை வைத்து இன்னொரு வகை நோயைப் பற்றிப் பேசியிருக்கின்றன. அதிலும் ஹெப்-ஜி2வில் ஹெபடைடிஸ் பி வைரஸ் கிடையாது; மருந்தை உடைத்து மாற்றும் ஈரல் நொதிகள் பலவும் அதில் மிகக் குறைவு. நம் நோயாளியின் ஈரலோ வைரஸாலோ சாராயத்தாலோ கொழுப்பாலோ ஆண்டுக்கணக்கில் புண்பட்டு, இறுகி, சிரோசிஸ் ஆன ஈரல். தட்டில் இருப்பதும் நோயாளியின் வயிற்றில் இருப்பதும் ஒன்றல்ல.

இனி வழியைப் பார்ப்போம். தைலம் வாயிலிருந்து கட்டிக்குப் போய்ச் சேர வேண்டுமே.

ஒரு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 80 மில்லிகிராம் யூஜினால் இருந்தால் தட்டில் பாதிச் செல்கள் மடிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 35 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் முழுக்க இதே அடர்த்தி வேண்டுமானால் 2.8 கிராம் யூஜினால் தேவை. அதுவும் தட்டில் நின்றதுபோல உருமாறாமல் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். நிற்குமா? 1990இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த தொண்டர்களுக்கு 50 மில்லிகிராம் யூஜினால் அடைத்த காப்ஸ்யூல்கள் மூன்று, ஆக 150 மில்லிகிராம், கொடுத்து அவர்கள் சிறுநீரைச் சேகரித்தார்கள். 24 மணி நேரத்துக்குள் 95 விழுக்காடு வெளியே வந்துவிட்டது. வந்ததில் உருமாறாத யூஜினால் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றதை எல்லாம் உடம்பு குளுகுரோனிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் முடிந்து, நீரில் கரையும் வேறு பொருளாக்கி அனுப்பிவிட்டது. தட்டில் செல்லைக் கொன்ற பொருள் ஒன்று, இரத்தத்தில் ஓடும் பொருள் வேறொன்று.

மாணவர் யாராவது கேட்கலாம்: குடலில் உறிஞ்சப்படுவது எல்லாம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் ஈரலுக்குத்தானே போகிறது, மற்ற உறுப்பைவிட ஈரலுக்குத் தைலம் அதிகம் கிடைக்காதா என்று. நல்ல கேள்விதான். கிடைக்கும். ஆனால் ஈரலில் முளைக்கும் புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் போர்ட்டல் சிரையிலிருந்து எடுப்பதில்லை. ஈரல் தமனியிலிருந்து எடுக்கிறது. தமனி வழியாக மருந்தைச் செலுத்தி அந்தக் குழாயை அடைக்கும் சிகிச்சையை மருத்துவமனைகளில் செய்கிறார்களே, அது இந்த வேறுபாட்டை நம்பித்தான். ஆகவே வாய் வழி போன தைலம் முதலில் வெள்ளமாகப் பாய்வது கட்டியின் மேல் அல்ல, கட்டியைச் சுற்றி மிஞ்சியிருக்கும் நல்ல ஈரலின் மேல். ஏற்கெனவே நலிந்த நோயாளி பிழைத்திருப்பது அந்த மிச்ச ஈரலால்தான்.

அந்த நல்ல ஈரலைக் கிராம்புத் தைலம் என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ ஏடுகளில் சான்று இருக்கிறது. 1993இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு பதிவு: இரண்டு வயதுக் குழந்தை 5 முதல் 10 மில்லி கிராம்புத் தைலத்தைக் குடித்துவிட்டது. நினைவு தப்பியது, வலிப்பு வந்தது, இரத்தம் உறையும் தன்மை கெட்டது, ஈரல் சேதமானது. மரணத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. 2005இல் இன்னொரு பதிவு: 15 மாதக் குழந்தை, 10 மில்லி, ஈரல் செயலிழப்பு. அந்தக் குழந்தையை அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்து. பாரசிட்டமாலிலும் யூஜினாலிலும் நடப்பது ஒன்றுபோலத்தான். ஈரல் அந்தப் பொருளை மாற்றும்போது கூர்மையான ஓர் இடைப்பொருள் பிறக்கிறது. ஈரலில் இருக்கும் குளூட்டாத்தயோன் அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாத்தயோன் தீர்ந்துபோகும். பிறகு அந்த இடைப்பொருள் ஈரல் செல்லையே பிடித்துக்கொள்ளும். எலியிலிருந்து பிரித்தெடுத்த சாதாரண ஈரல் செல்களும் யூஜினாலில் மடிகின்றன என்பது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, யூஜினாலை நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ மனிதருக்கு 150 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தைலத்தில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் யூஜினால் இருக்கும் என்றால், நான்கு சொட்டுக்குள் வரம்பு முடிந்துவிடும். 12 கிலோக் குழந்தைக்கு 30 மில்லிகிராம். ஒரு சொட்டே அதைத் தாண்டிவிடும். தாய்மார்கள் இதை மனதில் வையுங்கள். குழம்பில் போடும் இரண்டு கிராம்புக்குப் பயப்படத் தேவையில்லை. ஒரு மொட்டில் இருக்கும் தைலம் 15 மில்லிகிராம் அளவுதான், அதுவும் முழுதாக இறங்குவதில்லை. குப்பியில் அடைத்த தைலம் அப்படிப்பட்டதல்ல.

மற்ற எண்ணெய்களையும் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ‘செடியிலிருந்து வந்தது, கெடுதல் செய்யாது’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சாசஃப்ராஸ் மரத்தின் எண்ணெயில் சாஃப்ரோல் என்ற பொருள் உண்டு; ஜாதிக்காய்த் தைலத்திலும் சிறிதளவு உண்டு. அது எலிகளுக்கு ஈரல் புற்றை உண்டாக்கியதால் 1960இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. யூஜினாலுக்கு உடன்பிறப்புப்போல இருக்கும் மெத்தில் யூஜினால் துளசி வகைகள் சிலவற்றின் தைலத்தில் உண்டு. எலிகளிலும் சுண்டெலிகளிலும் ஈரல் கட்டிகளை உண்டாக்கிய அதை, 2023இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றை உண்டாக்கக்கூடும் என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. யூஜினால் அந்தப் பட்டியலில் இல்லை. அது 3ஆம் பிரிவு, அதாவது வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாதது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சிறு மெத்தில் தொகுதி மட்டும். ஒரு தைலம் ஈரல் புற்றைக் கொல்லுமா என்று கேட்கும் ஆய்வாளர், அதே தைலம் ஈரல் புற்றை உண்டாக்குமா என்றும் கேட்டாக வேண்டும்.

எலுமிச்சைப்புல்லின் கதையையும் சொல்ல வேண்டும். 2005இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார், சிட்ரால் இரத்தப் புற்றுச் செல்கள் போன்றவற்றைத் தட்டில் மடியச் செய்கிறது என்று வெளியிட்டார்கள். ஒரு கோப்பைப் புல் தேநீரில் இருக்கும் சிட்ராலின் அளவே தட்டில் போதுமானதாக இருந்தது என்ற செய்தி பரவியதும், அந்த நாட்டுப் புற்றுநோயாளிகள் பலர் புல் வளர்த்த ஒரு விவசாயியைத் தேடிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம்பிக்கைக்கு ஏங்கும் ஒருவரின் காதில் ‘தட்டில்’ என்ற சொல் விழாது. ‘மடிகிறது’ என்ற சொல் மட்டும் விழும். அதனால்தான் சொல்லும் நாம் கவனமாகச் சொல்ல வேண்டும்.

தட்டைத் தாண்டி நெடுந்தூரம் போன ஒரு பொருளும் இருக்கிறது. பெரில்லைல் ஆல்கஹால், லாவெண்டர் போன்ற செடிகளின் எண்ணெயில் இருப்பது. 1995இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஈரல் கட்டி உண்டாக்கிய எலிகளுக்கு அதை உணவில் கலந்து கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட எலிகளின் கட்டிகள் மற்ற எலிகளின் கட்டிகளில் பத்தில் ஒரு பங்கு எடையே இருந்தன. தட்டில் அல்ல, உயிருள்ள விலங்கின் ஈரலில். எவ்வளவு பெரிய நம்பிக்கை! தொடர்ந்து மார்பகம், சூலகம், புராஸ்டேட், பெருங்குடல் எனப் பல புற்றுகளில் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் பல காப்ஸ்யூல்கள். குமட்டல், ஓயாத ஏப்பம், சோர்வு என்று நோயாளிகள் பலர் தாங்க முடியாமல் நிறுத்தினார்கள். தாங்கியவர்களுக்கும் கட்டி சொல்லத்தக்க அளவு சுருங்கவில்லை. இப்போது பிரேசிலில் மூளைக் கட்டி நோயாளிகளுக்கு அதை மூக்கால் உறிஞ்சச் செய்து பார்க்கிறார்கள். வழியை மாற்றினால் பொருள் பிழைக்குமா என்ற தேடல் அது. எலியில் வென்ற பொருளுக்கே இந்தக் கதி என்றால், தட்டில் மட்டும் வென்றதைப் பற்றி எவ்வளவு அடக்கமாகப் பேச வேண்டும் என்று பாருங்கள்.

செடிகளால் புற்று மருந்து ஆகவே முடியாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நம் வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின், 1960களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றைக் குணமாக்க உதவி வருகிறது. ஆனால் அந்த மருந்தை இலையை அரைத்துக் குடித்தால் பெற முடியாது. டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுத்து, அளந்து, சிரையில் மட்டுமே ஏற்றுகிறார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கே சொந்தமான ஒரு வரலாறு இருக்கிறது; இந்த மாலையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதுதான். மஞ்சள்காமாலை என்றால் நம் வீடுகளில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்போம். 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்தவர். ஹெப்-ஜி2 பிறந்த அதே பிலடெல்பியாவில்தான் அவரும் வேலை செய்தார். அவர் குழுவினர் 1987இல் கீழாநெல்லிச் சாறு தட்டில் வைரஸின் நொதியைத் தடுப்பதையும், மர்மோட் வகை விலங்கு ஒன்றில் அதே குடும்பத்து வைரஸைக் குறைப்பதையும் காட்டினார்கள். அடுத்த அடியைச் சென்னையில் எடுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழு, வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தது. ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத போலிக் காப்ஸ்யூல். 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்புரதம் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது, போலிக் காப்ஸ்யூல் எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்திலிருந்து, எங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். வேறு இடங்களிலும் அப்படியே. 2011இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் கூட்டி எடைபோட்டு, போலி மருந்தைவிடக் கீழாநெல்லி மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று சொன்னது. எந்த இனம், எந்த மண், எந்தப் பருவம், எப்படி உலர்த்தியது என்பதிலெல்லாம் வேறுபாடு உண்டு. 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிரூரி இனம் என்று எழுதப்பட்ட செடியே உண்மையில் அமாரஸ் இனம் என்று பிறகு தெளிந்தது.

இதைத் தோல்வி என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்பமாட்டேன். ஒரு வீட்டு மருந்தை எடுத்து, போலிக் காப்ஸ்யூலோடு ஒப்பிட்டு, எண்ணோடு வெளியிட்டு, மற்றவர்கள் மறுத்துச் சொல்ல இடம் கொடுத்தது சென்னையில் நடந்த பெரிய காரியம். மறுப்பு வந்ததும் அந்த முறையின் ஒரு பகுதிதான். நம் கிராம்புக்கு இந்த அளவு மரியாதையாவது நாம் செய்ய வேண்டும்.

அந்த வைரஸைப் பற்றி இன்னும் இரண்டு சொல். 2022இல் உலகத்தில் சுமார் 8,66,000 பேருக்குப் புதிதாக ஈரல் புற்று வந்தது. 7,58,000 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதே நோயின் கொடுமையைச் சொல்லும். காரணங்கள் தெரிந்தவை: ஹெபடைடிஸ் பி, சி, மது, சர்க்கரையோடும் பருமனோடும் வரும் கொழுப்பு ஈரல், பூசணம் பிடித்த வேர்க்கடலையிலும் கொப்பரையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்லாடாக்சின். தைவானில் 1984இல் குழந்தைகளுக்கு நாடு தழுவிய அளவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1997இல் வந்த கணக்கில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஈரல் புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. மனிதருக்கு வரும் ஒரு புற்றைத் தடுப்பூசி தடுக்கும் என்று முதன்முதலாகக் காட்டியது அதுதான். நம் நாட்டில் இந்தத் தடுப்பூசி 2011 முதல் எல்லா மாநிலங்களிலும் இலவசம். அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து நோய்த் தடுப்பூசியை முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். தாயிடமிருந்து குழந்தைக்கு வைரஸ் தொற்றும் வாசலை அடைப்பது அந்த ஊசிதான். பெரியவர்களுக்கு, 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கட்டியை வெட்டி எடுக்கவோ சுட்டு அழிக்கவோ முடிகிற அளவிலேயே கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம்.

கிராம்பு ஆய்வை இங்கே எப்படிச் செய்யலாம்? முதலில் நம் தைலம் எது என்று தெரிய வேண்டும். மாறாமலை மொட்டு, வெள்ளிமலை மொட்டு, உதிர்ந்த இலை, காம்பு என்று தனித்தனியாக வடித்து, வாயுப் பகுப்பியில் ஓட்டி, எதில் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு என்று எழுதிவைக்க வேண்டும். ‘கிராம்புத் தைலம்’ என்று கடையில் வாங்கியதைத் தட்டில் விட்டு எழுதும் கட்டுரையால் யாருக்கும் பயனில்லை. இரண்டாவது, புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து ஹெப்-ஜி2வோடு, ஹெபடைடிஸ் பி மரபணு ஏறிய ஹெப்-3பி, ஹூ-7 போன்ற வேறு வகைகளையும் வாங்கி, பக்கத்திலேயே நோயற்ற ஈரல் செல்லையும் வைத்துச் சோதிக்க வேண்டும். புற்றுச் செல் மடியும் அளவுக்கும் நல்ல செல் மடியும் அளவுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதே கட்டுரையின் இதயமாக இருக்கட்டும். மூன்றாவது, உடம்பு மாற்றி அனுப்பும் பொருட்களை, அதாவது குளுகுரோனைடு ஏறிய யூஜினாலையும், அதே தட்டில் சோதிக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் குறைவு, செலவும் பெரிதில்லை. கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் 2006இல், புகையில் இருக்கும் பென்சோபைரீன் கொடுத்த சுண்டெலிகளுக்குக் கிராம்பு ஊறிய நீர் கொடுத்து, நுரையீரலில் புற்று முளைப்பது குறைவதைக் காட்டினார்கள். அவர்கள் எடுத்தது தைலத்தை அல்ல, ஊறல் நீரை. வந்த புற்றைக் கொல்வதைவிட, வராமல் தாமதிக்கச் செய்வதில் கிராம்பின் பலம் இருக்குமோ என்பது ஆராயத்தக்க கேள்வி. ஈரலில் அதை யாராவது இங்கிருந்து எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக விவசாயிகளுக்கு. புவிசார் குறியீடு கிடைத்த பிறகு தைலம் வடித்து விற்கும் எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது, நல்ல எண்ணம். பல் மருத்துவத்துக்கு, வாசனைக்கு, உணவுத் தொழிலுக்கு என்று அதற்குச் சந்தை உண்டு. ஆனால் குப்பியின் மேல் ‘புற்றுநோய்க்கு’ என்று ஒரு சொல்கூட அச்சாகக் கூடாது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டத்தில், விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பதிலாக யூஜினால் எத்தனை விழுக்காடு, எந்த மலை, எந்த மாதம் வடித்தது, குடிப்பதற்கு அன்று, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று தமிழில், கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போடுங்கள். குழந்தை திறக்க முடியாத மூடிக்குக் கொஞ்சம் காசு கூடுதலாகும். அந்த மூடியைத்தான் வாங்குங்கள்.